கர்னலுக்கு ஆவி பிடித்த மதியம்

துண்டு போட்டுப் பிடிப்பதில் யூசிமீ கை தேர்ந்துவிட்டாள்.

முதல் நாள் அவளுடைய கட்டைவிரலை நகத்தோடு கிழித்துவிட்ட கிளி அது. இப்போது பின்பக்கமாக வந்து ஒரே வீச்சில் மூடிவிடுகிறாள். தாடைக்கு இரண்டு பக்கமும் விரல். நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்கினால்தான் கிளிக்கு மூச்சு. அலகின் ஓரத்தில் சிரிஞ்சை நுழைத்து இளஞ்சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரை ஏறிச் செத்துப்போகும்.

"முடிஞ்சுதா?" என்றாள் மாமியார் மிக்தாலியா, கதவுக்கு வெளியிலிருந்து.

"இன்னும் கொஞ்சம், அத்தை."

"அவன் கத்துறான்."

"கத்தினா நல்லதுதான். தெம்பு இருக்குன்னு அர்த்தம்."

"எனக்குப் பாடம் எடுக்காதே. ஊத்து."

மருந்து உள்ளே போய் முடியும்வரை மிக்தாலியா அறைக்குள் வர மாட்டாள். கிளினிக்கில் சொன்னது அது. யார்மேல் பறவைக்கு உயிரோ, அவர் துண்டு போட்டுப் பிடிக்கக் கூடாது. வீட்டில் வேறு யாராவது கெட்டவராக இருந்துகொள்ளட்டும் என்றார்கள். அதைக் கேட்டதும் மிக்தாலியா மருமகளைப் பார்த்த பார்வையில் எந்தத் தயக்கமும் இல்லை. அன்று அவளுக்குக் காதில் விழுந்ததும் அது ஒன்றுதான். மருந்து வாடைக்குத் தலை வலிக்கிறது என்று உடனே எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

யூசிமீ துண்டைப் பிரித்தாள். கர்னல் தடுமாறிக் கூண்டுக்குள் ஏறி, ஒரு காலில் நின்று, அவளை ஒரு கண்ணால் முறைத்தது. கதவு திறந்தது.

"என் ராஜா. என் கர்னல். அந்தப் பொல்லாதவ உன்னை என்னடா பண்ணா? காட்டு. இப்பப் பாரு, அம்மா அவளை என்ன பண்றேன்னு."

சொல்லிவிட்டு மிக்தாலியா மருமகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். கிளி பார்ப்பதற்காக. யூசிமீ "ஆ" என்று சொல்ல வேண்டும். அதுவும் ஏற்பாடுதான். ஆரம்பத்தில் அது தட்டலாக இருந்தது. போன வாரம் அடியாயிற்று. இன்று "ஆ" சொல்ல யூசிமீ நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கர்னல் கம்பிலிருந்து தலைகுப்புற விழுந்து இது இரண்டாவது வாரம். நெஞ்சில் சளி, உள்ளே இருக்கும் காற்றுப்பைகளில் தொற்று என்றார்கள். காற்றாடக் கூடாது, குளிரக் கூடாது, சத்தம் கூடாது. அதனால் பின்பக்க அறை கர்னலுக்குப் போயிற்று. அந்த அறைக்கு அவள் கணவன் ரெய்னியர் எலுமிச்சை நிறம் அடித்தது கிளிக்காக அல்ல. கியூபாவில், ஓல்கீன் ஊரில், தங்கை வீட்டில் விட்டு வந்த முதல் கல்யாணத்து மகள் லியானெத்துக்காக யூசிமீ கேட்டு வாங்கிய அறை. கட்டில் வந்து, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதன்மேல் இப்போது விதை மூட்டையும் பழைய செய்தித்தாளும் கிடந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது.

லியானெத்தின் விமானம் சனிக்கிழமை. இன்று வியாழன்.

கர்னல் இருக்கும் அறையில் அவள் படுக்க முடியாது. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. இறகுத் தூசி பட்டால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். ஹாலில் சோபாவில் போடலாம் என்றால், கர்னலின் தூசி வாசலைத் தாண்டாது என்று யார் உத்தரவாதம் தருவது? கர்னலை மாற்றலாம் என்றால், வீட்டில் காற்று அடங்கி, கதவு ஒழுங்காகச் சாத்தும் இடம் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது மிக்தாலியாவின் படுக்கையறை. அங்கே ஏ.சி. இரவும் பகலும் ஓடியது. அதை அணைக்கும் பேச்சை எடுத்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

காலைச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு வந்தது. ரெய்னியர் நின்றபடியே பால்காப்பியில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தான். மிக்தாலியா கர்னலுக்குக் கொடுக்க ஒரு துண்டு ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்தாள். கூடாதென்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து வருடமாகத் தின்கிறான், இப்போது மட்டும் என்ன என்பது அவள் கட்சி.

டிக்கெட்டை மாற்றிவிடு என்று மகனிடம் சொன்னாள். பெண் இரண்டு மாதம் கழித்து வரட்டும். அதற்குள் கர்னல் தேறிவிடுவான்.

யூசிமீயின் தங்கை ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு காமகுவேக்குப் புருஷன் வீட்டோடு போகிறாள். அங்கே ஒரே அறையில் ஆறு பேர். லியானெத்துக்கு இடமில்லை என்று தங்கையின் மாமியார்க்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இதையெல்லாம் யூசிமீ நான்காவது தடவையாகச் சொன்னாள்.

"மூணு வருஷம் அங்க இருந்தவதானே," என்றாள் மிக்தாலியா. "இன்னும் ரெண்டு மாசத்துல தேய்ஞ்சா போயிடுவா?"

"இருக்கறதுக்கு வீடு இல்ல, அத்தை."

"வீடில்லாமத்தான் நான் வந்தேன். கடல்ல, வாந்தி எடுத்துக்கிட்டு. நீங்கள்லாம் பிளேன்ல வந்து இறங்கிட்டு எந்த ரூம், எந்தக் கட்டில்னு கேக்கறீங்க." காப்பி சொட்டும் ரொட்டியோடு எழுந்தாள். "நான் அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். மூச்சு இழுக்கும்னு நீதானே சொன்னே? இழுத்துக்கிட்டுக் கெடந்தா ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிக்கிட்டு ஓடறது?"

ரெய்னியர் மதியம்வரைக்கும் நேரம் கேட்டான். எது கேட்டாலும் அவன் மதியம்வரை நேரம் கேட்பவன். பிறகு மதியம் கழிந்துவிடும்.

வாசலில் வேனில் அவன் கருவிகளை ஏற்றும்போது யூசிமீ பின்னாலேயே போனாள்.

"இந்த ஹயலியா ஊர்ல இருக்கிற எல்லா ஏ.சி.யையும் கழட்டி மாட்டறவன் நீ. ஒரு ஏ.சி.யை அணைக்கச் சொல்ல உனக்கு வாய் வரல."

அவன் சிரித்தான். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பத்து மணி வாக்கில் லியானெத் போனில் வந்தாள். லைன் விட்டுவிட்டு வந்தது. பள்ளிக்கூட ஷூவைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். அங்கே போனால் புதுசு கிடைக்கும் என்று சித்தி சொன்னாளாம். இப்போது செருப்போடுதான் இருக்கிறாளாம். சனிக்கிழமை செருப்போடு பிளேனில் ஏற விடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள் என்றாள் யூசிமீ. அதற்குமேல் எதையும் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போது அவள் நினைத்ததை மூடி மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கிளி செத்தால் போதும் என்று நினைத்தாள். நேற்றும் நினைத்தாள். தினமும் துண்டுக்குள் அதன் தாடையைப் பிடித்திருக்கும்போது, விரல்களுக்கு நடுவில் அந்தச் சின்னக் கழுத்து திரும்பும்போதும் நினைத்திருக்கிறாள். மருந்தை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. தன் கையால் என்று வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மிக்தாலியாவும் தன் பங்குக்குச் சும்மா இல்லை. புனிதர் சான் லாசரோவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கர்னல் பிழைத்தால் தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை முட்டிபோட்டு வருவதாக நேர்த்திக்கடன். வரப்போவது யூசிமீ. தனக்கு மூட்டுவலி இருப்பது சான் லாசரோவுக்கே தெரியும் என்றாள்.

மதியம் கர்னல் தும்மியது. பிறகு மறுபடியும். மூக்கோரத்தில் ஈரம் கட்டியது. மிக்தாலியா கூண்டில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தது.

"இந்த ரோஸ் தண்ணியால ஒண்ணும் ஆகல," என்றாள். "நான் பண்றேன் வைத்தியம். பெரிய பானையில தண்ணி கொதிக்க வை. என் மேஜையில தைலம் இருக்கு, எடுத்துக்கிட்டு வா."

நீல டப்பாவில் இருக்கும் கற்பூரத் தைலம். அந்தத் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. சளி, மூட்டுவலி, தலைவலி, கொசுக்கடி, மனக்கஷ்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். ரெய்னியருக்குக் குழந்தையில் நெஞ்சு அடைத்தபோது இதே ஆவியில் பிடித்துத்தான் பிழைக்கவைத்ததாக மிக்தாலியா மாதம் ஒரு தரமாவது சொல்வாள்.

யூசிமீ அசையவில்லை.

கிளினிக்கில் மாமியார் காருக்குப் போன பிறகு, டாக்டருக்குக் கூடமாட இருந்த பெண் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். வாசனைத் தெளிப்பான் கூடாது. காய்ந்த வாணலிப் புகை கூடாது. முக்கியமாகத் தைலம். அவளும் கியூபாக்காரிதான், சொல்லும்போது சிரித்தாள். இந்த ஊரில் எங்களிடம் செத்து வரும் கிளிகளில் பாதி தைல வாடையோடுதான் வருகின்றன, பாவம், பாசத்தில் செய்துவிடுகிறார்கள் என்றாள். நல்ல நுரையீரல் உள்ள பறவையே தாங்காது. இது கட்டாயம் தாங்காது.

காரில் ஏறியதும் யூசிமீ சொல்லத்தான் வாயெடுத்தாள். பிழைப்பானா மாட்டானா, அதை மட்டும் சொல், மற்றதெல்லாம் எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு வா என்றாள் மிக்தாலியா. யூசிமீ வாயை மூடினாள். அன்றைக்கு அது கோபம். பிறகு மறதி.

இப்போது அது மறதியாக இல்லை.

"என்ன மரம் மாதிரி நிக்கிறே? தண்ணி."

யூசிமீ பானையை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். பானை நிறைந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது அடுத்ததற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று இருந்தது. தண்ணீர் அடியில் முத்து முத்தாகக் கட்டும்போது சொல்லியிருக்கலாம். தைலத்தை எடுக்கப் போனபோது மிக்தாலியாவின் அறைக் குளிர் முகத்தில் அறைந்தது. அப்போது, சொல்ல வேண்டாம் என்று ஆகிவிட்டது.

பானையைத் தூக்கிவந்து கூண்டுக்குக் கீழே வைத்தாள். மிக்தாலியா கட்டில் விரிப்பை உதறிக் கூண்டைச் சுற்றிப் போர்த்தினாள். லியானெத்துக்காக வாங்கிய விரிப்பு.

"போடு."

யூசிமீ டப்பாவில் விரலை விட்டு வழித்துத் தண்ணீரில் கரைத்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி எழுந்தது.

"போதுமா அத்தை?"

"இன்னொரு விரல் போடு. கஞ்சத்தனம் பண்ணாதே."

போட்டாள். விரிப்பை இழுத்துத் தரைவரைக்கும் மூடினார்கள். உள்ளே கர்னல் சிறகை ஒருமுறை அடித்துக்கொள்ளும் சத்தம். மிக்தாலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்சும் குரலில் ராணுவ அணிவகுப்புப் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். காற்று புகாமல் கதவைச் சாத்திவிட்டுப் போ என்றாள். யூசிமீ சாத்திவிட்டுப் போனாள்.

கொல்லையில் துணி காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். ஒழுங்காக, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தாள். சாயங்காலத்துக்குள் அறை காலியாகிவிடும். மிக்தாலியா அழுவாள். தன் கையாலேயே செய்தது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. சளி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்கு ஜன்னலைத் திறந்து, சுவரைத் துடைத்து, மெத்தையின் பிளாஸ்டிக்கை உரிக்கலாம். இதையெல்லாம் நினைத்தபடியே அடுத்த துணியைக் கொடியிலிருந்து உருவினாள்.

பக்கவாட்டுக் கேட் திறந்தது. ரெய்னியர் கையில் காகிதப் பொட்டலத்தோடு வந்தான். பன்றிக்கறி ரொட்டியும் கொய்யா பன்னும் வாங்கியிருந்தான். இந்த நேரத்துக்கு அவன் வீட்டுக்கு வருபவனே அல்ல.

"சிரி," என்றான்.

"என்ன?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் அம்மா சொன்னா. பதினோரு மணிக்குப் போன் பண்ணா. நீ பொண்ணுகூடப் போன்ல பேசினதைக் கேட்டிருக்கா. கர்னலைத் தன் ரூமுக்கு மாத்தப் போறாளாம். ஏ.சி.யை அணைச்சுட்டு ஃபேனைப் போட்டுக்கறாளாம். வேர்த்துச் சாகறதா இருந்தா வேர்த்தே சாகறேங்கறா."

யூசிமீ மடித்துக்கொண்டிருந்த துணியை விடவில்லை.

"கூண்டைத் தூக்க என்னைச் சீக்கிரம் வரச் சொன்னா. அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆவி காட்டித் தெம்பாக்கிடறேன்னா. டிக்கெட்டுல கை வைக்காதேன்னுட்டா." அவன் பொட்டலத்தைப் பிரித்தபடியே சொன்னான். "உன்கிட்ட ஏன் சொல்லக் கூடாதுங்கறியா? நீ நன்றி சொல்றேன்னு வந்து மூஞ்சிக்கு முன்னாடி நிப்பியாம். அது அவளுக்குப் பிடிக்காதாம்."

அவள் ஓடினாள்.

கிளிமேல் இரக்கம் வந்து ஓடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணக்கு மாறிவிட்டது. இதுவரை செத்தால் அறை கிடைக்கும் என்றிருந்தது, இப்போது பிழைத்தால்தான் அறை என்று ஆகிவிட்டது. அதற்காக ஓடினாள்.

கதவைத் தள்ளியதும் நெடி தொண்டையைப் பிடித்தது. பாடிக்கொண்டிருந்த மிக்தாலியா திரும்பினாள். யூசிமீ விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். பானை சரிந்து வெந்நீர் அவள் பாதத்தில் கொட்டியது. கர்னல் கூண்டின் தரையில் வயிற்றோடு கிடந்தது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடித்தது, பழைய அடிகுழாயின் கை போல.

துண்டில்லாமல் வெறுங்கையால் அள்ளினாள். அது கடிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கொல்லைக்கு வந்து, துணிக்கொடிக்கு அடியில், காற்று வரும் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு கிளியை உள்ளங்கையில் வைத்திருந்தாள். மிக்தாலியா பின்னாலேயே செருப்பில்லாமல் வந்தாள். ரெய்னியர் ரொட்டியை ஒரு கடி கடித்த நிலையில் நின்றான்.

"பைத்தியமா உனக்கு? எதுக்குடி அவனை வெளியில கொண்டாந்தே?"

"அந்தத் தைலம் கிளிக்கு விஷம்."

"யாரு சொன்னது?"

"கிளினிக்ல."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் போன் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"அன்னைக்கே."

மிக்தாலியா கத்தவில்லை. அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளே ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்ப்பது தெரிந்தது. பானை. டப்பா. சாத்திய கதவு.

"தண்ணி கொதிக்க வெச்சப்ப உனக்குத் தெரியும்."

"வாயை மூடுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நீ போதுமான்னு கேட்டே," என்றாள் மிக்தாலியா. "என் மூஞ்சியைப் பார்த்து, போதுமான்னு கேட்டே."

"யூசி," என்றான் ரெய்னியர். கடித்த ரொட்டியைப் பொட்டலத்தோடு துணிக் கூடையில் வைத்துவிட்டு வேனைக் கிளப்பப் போனான். போகும்போது மனைவியைச் சுற்றிக்கொண்டு போனான், வழியில் எதையோ மிதித்துவிடக் கூடாது என்பதுபோல.

மிக்தாலியா கையை நீட்டினாள். யூசிமீ கிளியைக் கொடுத்தாள். அடிப்பாள் என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை. மிக்தாலியா கர்னலைத் தன் சட்டைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரிய மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

வேன் வாசலுக்கு வந்தது. மிக்தாலியா முன்சீட்டில் ஏறினாள். யூசிமீ வெந்துபோன காலை இழுத்துக்கொண்டு கதவுவரைக்கும் போனாள். தானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தாள். ரெய்னியர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிக்தாலியா ஜன்னலை இறக்கினாள்.

"உன் பொண்ணு பேரு என்ன சொன்னே?"

மூன்று வருடத்தில் இதை அவள் கேட்டதில்லை.

"எதுக்கு அத்தை?"

"பேரைக் கேட்டா பேரைச் சொல்லு."

"லியானெத்."

"லியானெத்." மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரு. சனிக்கிழமையே வரட்டும். ஏர்போர்ட்டுக்கு நான் போறேன். நீ வர வேணாம். அவளுக்குச் செருப்பு, ஷூ, துணி எல்லாம் நானே எடுத்துத் தர்றேன். என் பக்கத்துலயே படுத்துக்கட்டும், ஏ.சி. வேண்டாம்னா அணைச்சுடறேன்." சட்டைக்குள் எதுவோ அசைந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை, மருமகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா என்ன செய்யறவன்னு அவளுக்கும் தெரிய வேணாமா? கொஞ்சம் கொஞ்சமாச் சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

லியானெத், லியானெத் என்று தனக்குள் இன்னும் இரண்டு தரம் இனிமையாகச் சொல்லிக்கொண்டே ஜன்னலை ஏற்றினாள். வேன் தெருமுனையில் திரும்பியது.